செட்டிநாட்டுக் கட்டமா, அப்பத்தா கட்டமா?

"அது ஆச்சிமாருங்க கட்டுற சேலைல்ல? நமக்கு எதுக்கு பாப்பா?"

சின்னாளபட்டியில் ஒரு ஜவுளிக்கடை. அம்மா இப்படிக் கேட்டதும் மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. கையில் இருந்தது கண்டாங்கிச் சேலை. செங்கல் சிவப்பில் கட்டம், கறுப்பில் அகலமான கரை.

அவளுக்கு வயது 26. திண்டுக்கல்லில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. அம்மா வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர். அடுத்த மாதம் கல்யாணம். முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டில் எடுத்தாயிற்று. மறுவீட்டு விருந்துக்கான சேலை மட்டும் பெண் வீட்டுப் பொறுப்பு. அதற்குத்தான் அவள் கண்டாங்கி கேட்டாள்.

ஆச்சிமார் என்று அம்மா சொன்னது நகரத்தார் வீட்டுப் பெண்களை. காரைக்குடி, செட்டிநாடு, பெரிய பெரிய வீடுகள்... கண்டாங்கி என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் யதார்த்தமாகக் கேட்டார். "நீங்க செட்டியார் வீடாக்கா?"

"இல்லை" என்று சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வேறு ஒருவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி.

சேலை எடுக்காமலே அன்று வீடு திரும்பினார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து ஒரு போன்

அன்று ராத்திரி சித்தி மகன் போனில் வந்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நர்ஸாக இருக்கிறான். கடையில் நடந்ததை அவள் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"அக்கா, எனக்கும் இதே கதைதான். கூட வேலை பாக்குறவர் கல்யாணத்துக்குக் கில்ட் கட்டிட்டு வரச் சொன்னாங்க. அந்தக் கட்டத்துக்கு டார்டன்னு பேரு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் இருக்காம். நான் எந்தக் குலம்னு போய் நிக்கிறது?"

கில்ட் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர்தான் வழி சொன்னாராம். இன்னாருக்கு இன்ன கட்டம் என்று சட்டம் எதுவும் கிடையாது. குலக் கட்டங்கள் இருப்பது போலவே ஊர்க் கட்டங்களும் உண்டு. யார் வேண்டுமானாலும் உடுத்துகிற பொதுக் கட்டங்களும் உண்டு. "நான் கிளாஸ்கோ கட்டத்தை எடுத்துக்கிட்டேன்க்கா. குலம் இல்லைன்னா என்ன, சம்பளம் குடுக்குற ஊரு இருக்குல்ல?"

போனை வைத்தபின் அவள் தேடிப் படித்தாள். குலத்துக்கு ஒரு கட்டம் என்பது நாம் நினைப்பதுபோல ஆதிகால வழக்கமே அல்ல. முன்பெல்லாம் அந்தந்தப் பகுதி நெசவாளருக்குக் கிடைத்த சாயமும் அவருடைய ரசனையும்தான் கட்டத்தைத் தீர்மானித்தன. ஒரு கிளர்ச்சியை அடக்கிய பிறகு, 1746-ல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு ஆண்கள் அந்த உடையை அணியவே தடைபோட்டது. 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பை ஏற்பாடு செய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே கட்டம் போட்ட துணியில் நிறுத்தினார். அதன்பிறகுதான் 'எங்கள் குலத்துக்கு எது?' என்ற தேடல் சூடுபிடித்தது. பழங்காலச் சுவடி என்று சொல்லி 1842-ல் வெளியான ஒரு புத்தகம் பல குலங்களுக்குக் கட்டங்களைக் கொடுத்தது. அது போலி என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால், அதிலிருந்த கட்டங்களில் பல இன்றும் உடுத்தப்படுகின்றன.

நம் ஊர்க் கணக்கு

நம் பக்கம் துணி விஷயம் இவ்வளவு லேசானதல்ல. யார் எதை உடுத்தலாம், எப்படி உடுத்தலாம் என்பதில் ரத்தம் சிந்திய மண் இது. இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரில், மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. 1859-ல் மன்னர் அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் வந்தது.

அதனால் "நமக்கு எதுக்கு?" என்று அம்மா கேட்டதை, வெறும் கூச்சம் என்று அவளால் ஒதுக்க முடியவில்லை.

துணி ஊர் தாண்டி, சாதி தாண்டிப் போன கதைகளும் இங்கே ஏராளம். சின்னாளபட்டியிலேயே இருக்கிறது சுங்குடி. துணியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிரித்தால் புள்ளி விழும். மதுரைக்கு வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. அந்த வீட்டுப் பெண்கள் விரல் நோக முடிச்சுப் போட்ட சேலை, இன்று எல்லா வீட்டுக் கொடியிலும் காய்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கட்டுகிறவரிடம் 'நீங்க சௌராஷ்டிராவா?' என்று யாரும் கேட்பதில்லை.

கடல் தாண்டிய கதை இன்னும் சுவாரஸ்யம். சென்னைப் பட்டினத்திலிருந்து கப்பலேறிய 'மெட்ராஸ்' கட்டம் போட்ட துணியை, நைஜீரியாவின் கலபாரி மக்கள் தங்கள் குடும்பச் சொத்தாகவே பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் தேசிய உடையே மெட்ராஸ் கட்டத்தில்தான்.

காலையில் இதையெல்லாம் அவள் சொல்ல, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா ஒரே வரியில் முடித்தார். "கண்டாங்கிக்கும் நம்ம பூட்டுக்கும் ஒரே மாசத்துலதான புவிசார் குறியீடு குடுத்தாங்க. திண்டுக்கல் பூட்டு திண்டுக்கல்காரன் வீட்டுல மட்டுமா தொங்குது?"

அது 2019 ஆகஸ்ட். பட்டறைக்காரர்களுக்கு மறக்காத மாதம்.

அம்மா மட்டும் பேசவில்லை.

அப்பத்தா உடைத்த விஷயம்

திண்ணையில் இருந்த அப்பத்தாதான் வாயைத் திறந்தார். "ஆச்சிமாரு சேலையா? யாரு சொன்னா? நான் களையெடுக்கப் போனப்ப கட்டுனது என்ன பட்டா? கண்டாங்கிதான். கெண்டைக்கால் தெரியக் கட்டுனா சேத்துல இறங்க வசதி. எத்தனை துவை துவைச்சாலும் கிழியாது. ஏன், உங்கம்மாவப் பெத்தவ கட்டலையா?"

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

மகள் பின்னாலேயே போனாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார். எட்டாம் வகுப்பில் அம்மாவுக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசு. பள்ளிக்கூட விழாவைப் பார்க்க அம்மாச்சி வயலில் இருந்து நேராக, ஏத்திக் கட்டிய கண்டாங்கியோடு வந்துவிட்டார். பெருக்க வந்த ஆள் என்று நினைத்து, யாரோ ஒருவர் அவர் கையில் விளக்கமாற்றைக் கொடுத்துவிட்டார். அம்மாச்சியும் மறுப்புச் சொல்லாமல் மேடைக்கு முன்னால் பெருக்கினார். மேடையில் பரிசோடு நின்ற பிள்ளை, 'அது எங்கம்மா' என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு வாயைத் திறக்கல. அதான் அந்தச் சேலையப் பாத்தாலே எனக்கு ஆகாது. நீ சம்பந்தி வீட்டு முன்னாடி அதைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவளிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்கப் படித்ததில் எதுவும் இந்த இடத்தில் உதவவில்லை. ஆச்சிமார் சேலை என்று அம்மா சொன்னது ஒரு சாக்கு. அம்மாவின் கண்ணுக்கு அது கூலிக்காரி சேலை. கடைக் கண்ணாடிக்குள் பெருமையாகத் தொங்குகிற அதே கட்டத்தை, அம்மா முப்பது வருடங்களுக்கும் மேலாக வெட்கமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

"வேண்டாம்மா. பட்டே எடுத்துக்கலாம்" என்றாள். மனசார.

மறுவீட்டு நாள்

நான்கு நாள் கழித்து, மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவின் கையில் ஒரு பை. உள்ளே அதே செங்கல் சிவப்பு. தனியாகப் பஸ் ஏறிச் சின்னாளபட்டி போய் வந்திருக்கிறார்.

"எடுத்துட்டேன். ஆனா, ஏத்திக் கட்டக் கூடாது. தரை தொடக் கட்டணும். சரியா?"

ஏன் மனசு மாறியது என்று அவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

மறுவீட்டு விருந்தன்று பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா மருமகளின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "சேலை அம்சமா இருக்கே! செட்டிநாட்டுச் சேலையா சம்பந்தி?"

ஒரு நிமிடம் கூடமே அமைதியாக இருந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"கண்டாங்கிங்க" என்றார் அம்மா. "எங்கம்மா வயக்காட்டுக்குக் கட்டிட்டுப் போன சேலை."

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே, கரையை இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

அப்பத்தாவுக்கு மட்டும்தான் திருப்தி இல்லை. எல்லோரும் போனபிறகு, சேலையை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நூலு ரொம்ப மெலிசு. களையெடுக்கத் தாங்காது!"