தேக்குக் கையில் பால்சா

பொள்ளாச்சிக்கு வெளியே, சாலையோர மரப்பட்டறை. வாசல் சுவரில் தேக்கு நிலைகள் சாத்திக் கிடக்கின்றன. கதவு இன்னும் மாட்டாத பீரோ ஒன்று வெயிலில் காய்கிறது. உள்ளே, மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். ஐந்தடி இறக்கை, அசல் அளவிலேயே அச்சாகியிருக்கிறது. பசை கசிந்தால் தாளில் ஒட்டக்கூடாதென்று மேலே மெல்லிய பாலிதீன். ஒரு பக்கம் அறுபதைத் தாண்டிய ஆசாரி. எதிரே, லீவுக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி. நடுவே பிரித்த பெட்டி. ரிமோட்டில் பறக்கவேண்டிய விமானம் அதற்குள் துண்டு துண்டாக இருக்கிறது.

ஆசாரி ஒரு குச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். நகத்தால் அழுத்துகிறார். பள்ளம் விழுகிறது.

"இதையும் மரம்னு விக்கறாங்களா கண்ணு?"

"பால்சாங்க அப்புச்சி. ஈக்வடார்ல இருந்து வருது. நட்டு அஞ்சாறு வருசத்துலயே வெட்டிருவாங்களாம்."

தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ நிற்கும். பால்சா நாலரைக் கிலோ. ஆனாலும் தாவரவியல் கணக்கில் இரண்டுமே வன்மரம்தான். பேத்தி இதைச் சொன்னதும் ஆசாரி சிரிக்கிறார். குச்சியை மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கீழே வைக்கிறார்.

படத்தின்மேல் சட்டத்தைக் குண்டூசியால் நிறுத்தி, லேசரில் வெட்டிவந்த ரிப்புகளை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே போகிறாள் பேத்தி. ஒவ்வொன்றும் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. பசை பாட்டிலும் அவர் கையில்தான். பழக்கதோஷம், தாராளமாகப் பிதுக்குகிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் விரலால் வழித்தெடுக்கிறாள். வால் பகுதிக்கு வந்ததும் பொறுக்கவில்லை.

"போதுமுங்க அப்புச்சி. வால்ல ஒரு கிராம் கூடுச்சுன்னா மூக்குல மூணு கிராம் ஈயம் வைக்கோணும்."

விமானம் சமன் நிற்கும் புள்ளியிலிருந்து மூக்கு பக்கத்தில் இருக்கிறது, வால் தூரத்தில். தராசுக்கோல் பிடித்த குடும்பத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டிலின் மூடியில் ஊசித்துளை போட்டுக்கொள்கிறார்.

அவர் வாய் திறக்கும் இடமும் வருகிறது. மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒட்டவேண்டும். அவள் ஒன்றைப் படுக்கை ரேகையாக வைக்கப்போகிறாள். சட்டென்று கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"நார் குத்துக்கு நிக்கோணும் சாமி. படுத்துக் கெடந்தா ரெண்டு சட்டமும் நசுங்கீரும்."

அவள் வரைபடத்தைக் குனிந்து பார்க்கிறாள். அதிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவர் அதைப் படிக்கவே இல்லை.

இரண்டு பாதி இறக்கைகளைச் சேர்க்கும் நாளில்தான் அவருக்குத் திண்டாட்டம். ஆயுள் முழுக்க ரசமட்டத்தோடு வாழ்ந்தவர். இங்கே இரண்டு நுனியும் மேலே தூக்கி நிற்கவேண்டும். விமானம் ஒருபக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கையில் காற்றின் தாங்கல் கூடி, அதுவாகவே நிமிரும். ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்து, மறு நுனிக்கு முட்டுக்கட்டை கொடுத்து, அளவு சரியாக வரும்வரை நகர்த்திக்கொண்டே இருக்கிறார். வாசலில் பீரோக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

எலும்புக்கூட்டின்மேல் சிவப்பு பிலிம் ஏறுகிறது. சின்ன இஸ்திரிப்பெட்டி போன இடமெல்லாம் சுருக்கம் மறைந்து விறைக்கிறது. பேத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆசாரி இறக்கையை வாங்கி, பலகை பார்ப்பதுபோலவே ஒரு கண்ணை மூடி, பின்விளிம்பை நீளவாக்கில் பார்க்கிறார்.

"இடது நுனியில முறுக்கு வாங்கிருக்குது."

அவளுக்குத் தெரியவில்லை. அளந்து பார்த்தால் இருக்கிறது. அவர் எதிர்த்திசையில் முறுக்கிப் பிடிக்க, அவள் மறுபடி சூடு காட்டுகிறாள். பிலிம் ஆறியபின் விடுகிறார். நேராகிவிட்டது.

மின்சாதன வேலை முழுக்க அவள் பாடு. நான்கு சர்வோ, மோட்டார், 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழவேண்டும். திருப்பிப் பார்க்கிறாள், எழுகிறது. கடைசியாக இறக்கைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்கு தாண்டிய குறியில், இரண்டு பக்கமும் விரல்நுனி கொடுத்துத் தூக்குகிறார்கள். வால் லேசாகத் தொங்குகிறது. பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளுகிறாள். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நிற்கிறது. ஈயம் வேண்டியிருக்கவில்லை.

காற்று எழுமுன், கடலை பிடுங்கிய காட்டில் பறக்கிறது. ஸ்டிக் பிடிப்பவன் பழகிய கல்லூரிப் பையன். மூன்று வட்டம் போட்டு இறங்கும்போது வரப்பில் சக்கரம் மாட்டி, சக்கரம் தாங்கும் பலகை பிய்ந்துகொள்கிறது.

மதியம் மறுபடி பட்டறை. இந்தமுறை கனமான பிளைவுட்டைத் தேடி எடுத்துவருபவள் பேத்தி. ஆசாரி அதை வாங்கி ஓரமாக வைக்கிறார்.

"வரப்புல மோதுனா ஏதாச்சும் ஒண்ணு போகத்தான் சாமி போகும். கட்டியா வெச்சா அடி உள்ள எறங்கி உடம்பே பொளந்துரும். இதே கனத்துல ரெண்டு வெட்டிக்கலாம். ஒண்ணு மாட்ட, ஒண்ணு கைவசம்."