பச்சை மனிதன்

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பெயரன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். வந்த அன்றே ஒளித்தட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை எடுத்து என் முன் வைத்தான். பச்சை மேனியும் கிழிந்த சட்டையும் சினந்த முகமும் உடைய ஒருவன் அதன் அட்டையில் நின்றான். கண்டவுடன், “இவனை நான் அறிவேன்!” என்றேன். பெயரன் வியந்து என்னை நோக்கினான். நன்னூலும் திருக்குறளும் கற்பித்த தாத்தாவுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோடு என்ன உறவு என்பது அவன் வியப்பு.

அத்தொடரின் பெயர் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ என்பது. 1985ஆம் ஆண்டில், நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், சிங்கப்பூரிலிருந்து வந்த என் தமையனார் வீடியோ நாடாக்கள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தார். தெருவினர் பலரும் கூடியிருந்து அவற்றைக் கண்டோம். ஆங்கில உரையாடல் எனக்கு விளங்கவில்லை. பச்சை மனிதன் எப்போது வருவான், எந்தச் சுவரை உடைப்பான் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு. அவன் மோட்டார் வண்டியைப் புரட்டித் தள்ளியபோது கைதட்டினோம். அவன் மறைந்ததும் எழுந்து சென்றோம்.

இம்முறை பெயரன் வேண்டிய இடங்களில் காட்சியை நிறுத்தி, உரையாடலின் பொருளை எனக்கு எடுத்துரைத்தான். அப்போதுதான், நான் அத்தொடரைக் கண்டேனேயன்றி உணர்ந்தேனில்லை என்பது புலனாயிற்று.

ஹல்க் என்னும் பாத்திரத்தை 1962ஆம் ஆண்டில் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்னும் இருவர் படக்கதைக்காகப் படைத்தனர். அதனைக் கென்னத் ஜான்சன் என்பவர் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 1977ஆம் ஆண்டு நவம்பரில் அது முதலில் தொலைக்காட்சிப் படமாக வந்தது. பின்னர் 1978 முதல் 1982 வரை தொடராக நடைபெற்றது.

கதைத் தலைவன் டேவிட் பேனர் ஒரு மருத்துவ அறிஞன். அவன் மனைவி மோட்டார் வண்டி விபத்தில் சிக்கினாள். அவளை மீட்கும் வலிமை அவனுக்கு இல்லாமற் போயிற்று. அத்தகைய நெருக்கடியில் வேறு சிலருக்கு மட்டும் அளவிறந்த ஆற்றல் தோன்றியது எவ்வாறு என அவன் ஆராய்ந்தான். காமாக் கதிர்களைத் தன் உடலிலேயே செலுத்திப் பார்த்தான். அவற்றின் அளவு மிகுந்துவிட்டது. அன்றிரவு மழையில் தனியே செல்லும்போது வண்டிச் சக்கரம் பழுதாயிற்று. அதனை மாற்ற முயன்றபோது கருவி வழுக்கிக் கையில் அடிபட்டது. சினம் பொங்கியது, அறிஞன் மறைந்தான், பச்சை மனிதன் தோன்றினான்.

இக்காட்சியை இருமுறை பார்த்தேன். கொடிய பகைவன் எவனும் அங்கு இல்லை. மழையில் பழுதான ஒரு சக்கரமே அச்சினத்தை எழுப்பப் போதுமானதாயிற்று. பெருஞ்சினத்திற்குப் பெருங்காரணம் வேண்டியதில்லை என்னும் உண்மையைக் கதை தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றது.

பிற வீரர்கள் தம் ஆற்றலைக் கொண்டு பெருமிதம் அடைவர். பேனரோ தன் ஆற்றலை நீக்கும் வழியைத் தேடி ஊர் ஊராக அலைகின்றான். உலகம் அவன் இறந்துவிட்டதாகக் கருதுகின்றது. செய்தியாளன் ஒருவன் பச்சை மனிதனைக் கொலைஞன் என எண்ணித் தொடர்கின்றான். ஆதலின் பேனர் தன் பெயரை மாற்றிக்கொண்டு கூலி வேலை செய்து வாழ்கின்றான். எளியவர்க்குத் துன்பம் நேரும்போது பச்சை மனிதன் வெளிப்பட்டு உதவுவதும் உண்டு. எனினும் சினம் தணிந்து பேனராக மாறியபின், தான் செய்தது எதுவும் அவனுக்கு நினைவில் இராது. யாருக்கேனும் தீங்கு இழைத்துவிட்டேனோ என அஞ்சுகின்றான். முடிவில் பையைத் தோளில் இட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் தனியே நடக்கின்றான். ஜோ ஹார்னெல் அமைத்த பியானோ இசை மெல்ல ஒலிக்கின்றது. அந்நாளில் நாங்கள் எழுந்து சென்றது இக்காட்சிக்கு முன்னரேயாம்!

பேனராக நடித்தவர் பில் பிக்ஸ்பி. அவர் 1993ஆம் ஆண்டில் மறைந்தார். பச்சை மனிதனாக நடித்தவர் லூ ஃபெரிக்னோ. அவரைப் பற்றிப் பெயரன் ஒரு செய்தி கூறினான். “தாத்தா, இவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே காதில் நோய் கண்டு, கேட்கும் திறன் பெரும்பகுதி போய்விட்டதாம். உடன் படித்தவர்கள் எள்ளி நகையாடினார்களாம். அதன் பின்னர்தான் உடற்பயிற்சியில் ஈடுபட்டு, 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக ஆணழகர் பட்டம் வென்றிருக்கிறார்.”

“காட்சியை நிறுத்து” என்றேன். என் குரல் மாறியிருந்ததைப் பெயரன் கவனித்தான். 38 ஆண்டுகளாக எவரிடமும் கூறாத ஒன்றை அவனிடம் கூறினேன்.

1986ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் செய்யுள் ஒன்றை எழுதிக்கொண்டே, பின்வரிசை மாணவன் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்துப் படிக்கச் சொன்னேன். விடை இல்லை. மீண்டும் அழைத்தேன், இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்து ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் முறையும் அவன் நிமிரவில்லை. அதனைச் செருக்கு என்று கொண்டேன். விரைந்து சென்று கன்னத்தில் அறைந்தேன். அவன் அழவில்லை, திகைத்து என் வாயையே நோக்கினான். அருகில் இருந்த மாணவன் எழுந்து, “ஐயா, அவனுக்குக் காது சரியாகக் கேட்காது” என்றான்.

மறுநாள் அவன் தாயார் வந்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “என் மகன் உங்கள் வாயசைவைப் பார்த்துத்தான் பாடம் கேட்கிறான், ஐயா. அவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்” என்று மட்டும் வேண்டினார். இடம் கொடுத்தேன். ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனில்லை. ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்னும் எண்ணம் தடுத்தது. ஆண்டு முடிந்ததும் அக்குடும்பம் வேற்றூர் சென்றுவிட்டது.

அன்று அவ்வகுப்பில் செவி கேளாதவர் இருவர் இருந்தனர். ஒருவனுக்கு அக்குறை நோயால் வந்தது. மற்றவனுக்குச் சினத்தால் வந்தது. சினத்திற்குச் செவி இல்லை. தொடரில் வரும் பச்சை மனிதனைப் போல உறுமலன்றி அதற்கு மொழியும் இல்லை. பேனருக்குத் தான் செய்தது மறந்துவிடும். எனக்கு அது மறக்கவில்லை. ஒளித்தட்டைப் பின்னோக்கிச் செலுத்தலாம். கடந்த நாளைச் செலுத்த இயலாது.

பெயரன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, “அவர் இப்போது எங்கே இருக்கிறார், தாத்தா?” என்று கேட்டான். அறியேன் என்றேன்.

மாணவர்களே, அவர் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பார். இந்நூலைக் கையில் ஏந்தியுள்ள உங்களுள் ஒருவருக்குத் தந்தையாராகவோ பாட்டனாராகவோ அவர் இருத்தலும் கூடும். இருப்பின், இப்பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். முகத்தை நோக்கி, வாயசைவு தெரியும்படி படியுங்கள். தமிழாசிரியர் மன்னிப்புக் கேட்கின்றார் என்று சொல்லுங்கள்.