சாம்பலில் விளையும் திராட்சை

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில், ஆப்பிரிக்காக் கரைக்குச் சமீபமாக, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த லான்ஸரோட்டே என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கே நதி கிடையாது. வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 6 அங்குலந்தான். போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு ஓயாமல் வீசுகிறது.

1730-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ஆம் தேதி இரவு அத்தீவில் பூமி பிளந்தது. 1736 வரையில் எரிமலைகள் நெருப்பைக் கக்கின. தீவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது. நல்ல விளைநிலங்களும் பல கிராமங்களும் மறைந்தன. ஜனங்களில் பலர் ஊரை விட்டே வெளியேறினர்.

எஞ்சியிருந்த குடியானவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். பருக்கை பருக்கையான கருஞ்சாம்பல், மழைநீரை உள்ளே இறங்கவிட்டு, அது வெயிலில் ஆவியாகாமல் காத்தது! லா ஹேரியா என்னுமிடத்தில் அவர்கள் சாம்பலை ஆழமாகத் தோண்டி, அடியிலிருந்த பழைய மண்ணை எட்டித் திராட்சைக் கொடிகளை நட்டனர். காற்றைத் தடுக்கக் குழிதோறும் பிறைச் சந்திரன் போல் கற்சுவர் எழுப்பினர். கரிய பூமியில் பச்சைப் பொட்டு இட்டாற்போல் அக்கொடிகள் இன்றும் காட்சி அளிக்கின்றன.

ஆனால் குழிக்குள் இயந்திரம் இறங்காது; மனிதன்தான் குனிந்து பாடுபட வேண்டும். சாம்பலும் நாளடைவில் மண்ணோடு கலந்து சக்தி இழக்கும். அதைப் புதுப்பித்தாக வேண்டும். இளைஞர் பலரையோ யாத்திரிகர் விடுதிகளின் சம்பளம் இழுத்துக்கொள்கிறது. அந்த யாத்திரிகர்கள் வியந்து பார்க்கும் காட்சிகளில் இக்குழிகளும் ஒன்று!

எரிமலைக்குத் தப்பிய உழவு, உழைக்கும் கைகள் இன்றி அழிந்துபோகலாமா?