நஷ்டத்தில் ஓடும் கப்பல்

போன செமஸ்டர் காஸ்டிங் வகுப்பில் ஜாயின்ட் காஸ்ட் நடத்தினார்கள். ஒரே செலவில் இரண்டு வருமானம் வந்தால் எதன் கணக்கில் எவ்வளவு எழுதுவது? சார் உதாரணம் கேட்டார். சென்னையிலிருந்து அந்தமான் போகும் கப்பலைச் சொன்னேன். மேலே ஆட்கள், கீழே சரக்கு, எண்ணெய்ச் செலவு ஒன்றுதான்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். "விமானம் இருக்கும்போது இது வெட்டிச் செலவு சார், நிறுத்திடலாம்" என்றும் சொல்லி வைத்தேன். வகுப்பே கைதட்டியது. ஓசூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? அத்திப்பள்ளி தாண்டினாலே நமக்கு வெளிநாடு :)

இரண்டு மாதம் கழித்து தாத்தா இறந்துவிட்டார். மாமா போர்ட் பிளேரில் மெக்கானிக். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். மாமா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.) அன்றைக்கே கிளம்ப விமான டிக்கெட் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கப்பலுக்குக் காத்திருந்தார். சென்னைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய 60 மணி நேரம். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சின்னத் தாத்தா வைத்தார். மாமா காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

"ஏன் மாமா, கடன் வாங்கியாவது பிளைட்ல வந்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"கப்பல் இருந்ததாலதான்டா இதுக்காவது வந்தேன்" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: அங்கே கடையில் வாங்கும் அரிசி, வெங்காயம், சிமெண்ட், பைக் டயர் எல்லாம் கடல் வழியாகத்தான் வரணும்.

அந்த வழியில் பல வருஷம் ஓடிய எம்.வி. நான்கௌரி 1990களின் தொடக்கத்தில் போலந்தில் கட்டியது. 1,200 பயணிகள், சுமார் 1,500 டன் சரக்கு. பசிபிக் கடலிலும் இதே கதைதான். தாகித்தியிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார்கேசஸ் தீவுகளுக்கு அரானுயி என்ற சரக்குக் கப்பல் போகிறது. 1984 முதல் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றுகிறது. போகும்போது மளிகை, சிமெண்ட். வரும்போது கொப்பரை.

தூரத்துத் தீவில் ஜனம் கொஞ்சம். ஆட்களை மட்டும் ஏற்றினால் கட்டாது, சரக்கை மட்டும் ஏற்றினாலும் கட்டாது. நம்ம அஞ்செட்டி பஸ்ஸில் தக்காளிக் கூடையும் ஆளும் சேர்ந்து வருகிற மாதிரிதான். இரண்டும் சேர்ந்தும் கட்டாதபோது அரசாங்கம் கைக்காசு போடுகிறது. அதைத்தான் நான் 'நஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தேன்.

மாமா திரும்பும்போது அம்மா ஐந்து கிலோ கேழ்வரகு மாவு கட்டிக் கொடுத்தார். பங்க் கிளாஸில் தலைக்கு வைத்துப் படுத்துப் போனாராம்.

பரீட்சையில் ஜாயின்ட் காஸ்ட் கணக்கு வந்தது. ஒழுங்காகப் பிரித்து எழுதினேன். ஆனால் 'நிறுத்திடலாம்' என்று இப்போது யார் சொன்னாலும், அதில் வருகிறவர் அப்புறம் எதில் வருவார் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படித் தாமதமாக வந்து சேர்ந்தவர் யாராவது உண்டா?