ஊர்காவற்றுறையில் ஒரு வானம்

வைகாசி கடைசி. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகம் பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. வேலணையில் இறங்கி, ஊர்காவற்றுறைப் பக்கம் போக வேறு பஸ் பிடித்தேன். அந்தக் கொட்டிலுக்கு நான் போவது இது மூன்றாவது தடவை. மாசியில் போனபோது அங்கே அலுமினியச் சட்டங்களும் அவிழ்க்காத இரண்டு பெட்டிகளும் கிடந்தன. சித்திரையில் இயந்திரம் ஓடியது, ஆனால் நீலத்தைத் துளித்துளியாகத் துப்பியது. இந்த முறை பத்தடி அகலத்தில் ஒரு முழு வானம் அடித்து முடிந்துவிட்டதென்று நண்பன் தொலைபேசியில் சொன்னான். கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

நண்பன் யாழ்ப்பாணத்தில் கணினி படிப்பிக்கிறவன். கொட்டில் அவனுடைய தாய்மாமனுடையது. ஊரில் அவரைச் சீன்காரர் என்றுதான் சொல்வார்கள். தீவகத்தில் விடிய விடியக் கூத்தும் நாடகமும் நடந்த காலத்தில், மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைகளை வரைந்து வாடகைக்குக் கொடுத்த குடும்பம். தர்பார் சீன், காட்டுச் சீன், தெருச் சீன், கடல் சீன். தூள் நிறத்தை வச்சிரத்தோடு காய்ச்சித் துணியில் பூசுவார்கள். அவருக்கு இது பன்னிரண்டு வயதில் வச்சிரச் சட்டிக்குக் கீழே நெருப்பெரித்துத் தொடங்கிய வேலை. "சீன் எண்டால் ஆக்களுக்குப் பின்னாலை நிக்க வேணும் தம்பி, முன்னாலை வரப்படாது" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எந்த மேடையைப் பார்த்தாலும் என் கண் முதலில் பின்திரைக்குத்தான் போகிறது.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது குடும்பம் திரைகளைச் சுருட்டி வீட்டு வளையில் கட்டிவிட்டு ஓடியது. திரும்பி வந்தபோது வளையும் இல்லை, திரையும் இல்லை. நடுவில் கழிந்த வருடங்களில் அவர் வவுனியாவிலும் பிறகு கொழும்பிலும் வாகனங்களுக்கு ஸ்பிரே அடித்தார். யன்னல் இல்லாத அறை. மூக்கில் கட்டிய கைலேஞ்சி. இரண்டு டின்களைக் கலந்து அடிக்கும் பொலியுரேதேன் பெயின்ற். அதன் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேற்று, மூச்சுக்குழாயை ஒருமுறை பழுதாக்கிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பைக் கொண்டுவரும். வெளிநாடுகளில் அந்த வேலைக்குத் தனிக்குழாயில் சுத்தமான காற்றை முகத்துக்கு அனுப்புகிறார்கள். இவருக்குக் கிடைத்தது கைலேஞ்சி. இப்போது படலையிலிருந்து கிணற்றடிக்கு நடக்கவே இடையில் ஒருதரம் நிற்கிறார்.

இந்த விசயம் தெரியாமல், எயார்பிரஷ் கன்னைத் தானாக நகர்த்தித் திரை அடிக்கும் இயந்திரம் தெரிந்தெடுத்த கதையைச் சொல்ல முடியாது. ரொறொன்ரோவிலிருக்கும் மகள் பணம் அனுப்பியபோது சொன்னது ஒரே வசனம்: அப்பா இனிக் கன் பிடிக்கக்கூடாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்தது வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதும், கோயில் வாகனங்களுக்குப் பூச்சுப் பூசுவதும், எப்போதாவது ஒரு திரையும். மற்றதையெல்லாம் பிளெக்ஸ் எடுத்துக்கொண்டது. சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலியும் பூப்புனித நீராட்டும் அந்தப் பளபளப்பில்தான் தொங்குகின்றன. ஆனால் பிளெக்ஸ் அச்சின் தொடக்கத்திலும் இதே எயார்பிரஷ்தான் இருந்தது. 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய வியூடெக் நிறுவனத்தின் ஆரம்பகால இயந்திரங்கள் அமுக்கிய காற்றால் நிறத்தைத் தூவித்தான் பெரிய பதாகைகளை அச்சிட்டன. மைத்துளியை நேரே உதைத்துத் தள்ளும் அச்சுத்தலைகள் பிறகு அந்த இடத்தைப் பிடித்தன. எயார்பிரஷின் கதையோ இன்னும் பழையது. 1879இல் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்ற நகைவேலைக்காரர் தையல் மெசின் ஊசி, கரண்டி, மரக்கட்டை என்று கையில் அகப்பட்டவற்றைச் சேர்த்து முதலாவதைச் செய்தார். காற்றும் நிறமும் கருவிக்குள்ளேயே கலக்கும் இன்றைய அமைப்பு 1890களில் சார்ல்ஸ் பேர்டிக் கொண்டுவந்தது. சீன்காரரிடம் இதைச் சொன்னபோது தையல் ஊசி என்ற சொல்லில் நின்றுவிட்டார். "அது சரி, ஊசிதான் எல்லாம்" என்று, தன் கன்னின் பின்பக்கத்தைத் திருகி ஊசியை வெளியே இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

மெல்லிய உருக்கு ஊசி, ஒரு முனை கூர். அந்தக் கூர் போய் மூக்கின் துளையை அடைக்கும். பின்னால் இழுத்தால் இடைவெளி திறந்து நிறம் வரும். இழுக்கும் தூரம் மில்லிமீற்றர் கணக்கில்தான். கையால் அடிக்கும்போது ஒரு விரல் விசையை அமுக்கிக் காற்றை விடுகிறது, அதே விரல் பின்னால் இழுத்து நிறத்தை விடுகிறது. இயந்திரத்தில் இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். காற்றுக்கு மின்னில் திறந்து மூடும் வால்வு. ஊசியை இழுக்கச் சின்ன சேர்வோ மோட்டர். விற்பனைக்காரர் ஒருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை சதுர அடி, எத்தனை நிறம், எந்தக் கைத்தொலைபேசியிலிருந்து படம் அனுப்பலாம் என்பதுதான் அவர்களுடைய பேச்சு. சீன்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கெதியா அடிக்கிற மெசின் வேண்டாம். நான் தள்ளி நிக்கிற மெசின் வேணும்."

அதற்குள் ஒரு முகவர் மகளிடம் முற்பணம் வாங்கிவிட்டார். சுவரில் நேரே படம் அடிக்கும் பெரிய இயந்திரம் வரும் என்றார். வந்தது வேறு மாதிரி. மேலதிக மூக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டால் தலைப்பாகம் முழுவதையும் புதிதாக வாங்கச் சொன்னார். குளிரில் இரண்டு வேலை பார்த்து அந்தப் பிள்ளை சேர்த்த காசு. புலம்பெயர்ந்தவர்களின் பாசத்தை விலையில் கூட்டி எழுதுகிற இந்தப் பழக்கம் எங்கள் ஊர்களில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது, இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. கோயில் வேலையிலும் இதே கதைதான். உபயகாரர் கொடுக்கிற காசு கொந்தராத்துக்காரர் கையில் விழுந்து, பந்தலாக, மின்விளக்காகப் பிரிந்து, கடைசியில் திரை வரைபவனுக்கு நிறத்துக்கும் துணிக்கும் போதாத அளவில் வந்து சேருகிறது. அதுவும் திருவிழா முடிந்து இரண்டு மாதம் கழித்து. உபயகாரர்களைக் கேட்கிறேன்: திரையில் அம்பாளை வரைந்தவனுக்கு உங்கள் கையாலேயே காசைக் கொடுங்கள். அவன் வீடு உங்களுக்குத் தெரியும்.

நயினாதீவு அம்பாள் கோயிலின் கதையிலும் நடுவில் நின்ற ஒருவன் இருக்கிறான். அம்பாளுக்குப் பூ எடுத்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தபோது, அந்த வழியே கப்பலில் வந்த வணிகன் குறுக்கே நின்று பேசினான். தன் பொருளைக் கோயிலுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்து நாகத்தை விடுவித்தான். இந்த முறை சீன்காரர் வரைகிற திரை அதுதான். பத்தடி அகலம், எட்டடி உயரம். மேலே வானம், கீழே கடல், நடுவே நாகத்துக்கும் கருடனுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு கல்.

அனுப்பப்பட்ட இயந்திரத்தைப் பிரித்து, மோட்டர்களையும் பல் பட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நண்பன் புதிதாகத் தொடங்கினான். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். சுவரின் இரு மூலையிலும் இரண்டு மோட்டர் பூட்டி, அவற்றிலிருந்து இறங்கும் பட்டியில் கன்னைத் தொங்கவிடத்தான் நண்பனுக்கு ஆசை. 2002இல் சுவிற்சர்லாந்தில் யூர்க் லேனியும் ஊலி பிராங்கேயும் ஹெக்டர் என்ற பெயரில் ஸ்பிரே டின்னை அப்படித் தொங்கவிட்டுச் சுவரில் வரைந்துகாட்டினார்கள். மலிவு, ஒரு பெட்டிக்குள் அடங்கும், எந்த அளவுக்கும் நீளும். ஆனால் வெறும் பட்டியில் தொங்கும் கன்னைக் காற்றுக்குழாயின் பாரமே ஒரு பக்கம் இழுக்கும். மேலே சோளகம் வேறு. கொட்டிலின் கிடுகுச் சுவர் காற்றை மறிக்காது. மாமன் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டி வளையில் தொங்கவிட்டு, "பார்" என்றார். சாவி ஆடியது. வாக்குவாதம் முடிந்தது.

ஆக, நான்கு பக்கமும் இறுக்கிய அலுமினியச் சட்டம். உருக்குத் தண்டில் ஓடும் வகையை விட்டுவிட்டார்கள். உப்புக்காற்றில் அது ஒரு மழைக்குள் துரு ஏறும். அலுமினியப் பள்ளத்தில் பிளாஸ்ரிக் சில்லு ஓடுகிறது, ஆணிகளெல்லாம் துருப்பிடியாத உருக்கு. மோட்டர்களை ஆட்டுவிப்பது ஆர்டுயினோப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். படத்தை வரிவரியான கட்டளையாக மாற்றுவதை நண்பன் இரவிரவாக விளங்கப்படுத்தினான். அந்தப் பகுதியை அவனிடமே விட்டுவிடுகிறேன்.

சித்திரையில் நீலம் துப்பியதற்குக் காரணம் கணினியில் இல்லை, காற்றில்தான் இருந்தது. கடற்கரைக் காற்றை அமுக்கித் தாங்கியில் அடைத்தால், அது ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே கன்னுக்குப் போய் நிறத்தோடு சேர்ந்து துப்பும். கொம்பிரசருக்கு அருகில் ஒரு நீர்ப்பொறி இருந்தது. அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஈரம் அதைத் தாண்டி ஓடிவிட்டது. மாமன் கொம்பிரசரைக் கொட்டிலின் பின்புறம், பூவரசு நிழலுக்கு மாற்றினார். குழாயை நீட்டி வளையம் வளையமாகச் சுற்றி, காற்று ஆறி வருகிற இடத்தில், கன்னுக்குச் சற்று முன்பாக இரண்டாவது பொறியைப் பூட்டச் சொன்னார். கராஜில் படித்த பாடம். ஒவ்வொரு பின்னேரமும் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் பிடித்துப் பார்க்கிறார்.

தாங்கி இல்லாத சின்னக் கொம்பிரசர் வாங்கியிருந்தால் காற்று விட்டுவிட்டு வந்து வானத்தில் வரிவரியாக விழுந்திருக்கும். பெரிதாக வாங்கவும் வழியில்லை. அடுத்த வேலை நயினாதீவிலேயே, கோயில் மண்டபத்தில். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றும் பெருநிலத்து மின்கம்பியில் சேராதவை, டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியவை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேர்ந்த திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், நின்று, 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையாக மாறியது. இந்தப் பாக்குநீரிணை அரசியலுக்கு நடுவில் மாமன் பார்த்தது ஒன்றைத்தான்: கோயில் பிளக்கில் எவ்வளவு தாங்கும்.

பிறகு பத்துப் பெட்டி. ஒரு துண்டுத் துணியில் பத்துச் சதுரங்கள், சேர்வோ ஊசியை ஒவ்வொரு சதுரத்திலும் ஒரேயளவு கூடுதலாக இழுக்கிறது. நிறமும் அதேபோல் படிப்படியாகக் கூடும் என்று நான் நினைத்தேன். கூடவில்லை. முதல் மூன்று சதுரம் வெள்ளையாகவே இருந்தது. நாலாவதில் திடீரென்று நீலம், எட்டுக்கு மேல் எல்லாம் ஒன்று. மாமன் துணியை வெயிலில் பிடித்து, எந்த இடைவெளியில் எந்த நீலம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நண்பன் எண்களை மாற்றினான். பதினொரு துண்டு துணி போனது. கடைசித் துண்டை அவர் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். வெள்ளையிலிருந்து நடுக்கடல் வரைக்கும் பத்துப் படி. நிறம் பால் பதத்தில், நைலோன் துணியில் வடித்தது. மூக்கு 0.5 மில்லிமீற்றர். 0.3 துணிக்குச் சரிவராது, அக்ரிலிக் நொடியில் அடைக்கும்.

அடைப்புத்தான் கடைசித் தொல்லை. எங்கள் வெயிலில் அக்ரிலிக் ஊசிக்கூரிலேயே காய்ந்துவிடும். கையால் அடிப்பவன் யோசியாமலே இடைக்கிடை விரலால் துடைத்துக்கொள்வான். இயந்திரம் அடைத்த வாயோடு வெறும் காற்றை ஊதிக்கொண்டு வரி முழுவதும் ஓடிவிடும். "ஒவ்வொரு வரி முடியேக்கையும் போய் வாயைத் துடைச்சிட்டு வரட்டும்" என்றார் மாமன். சட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு ஈரப் பஞ்சு கட்டப்பட்டது. வரி முடிந்ததும் கன் அங்கே போய், பஞ்சில் ஒருமுறை துப்பி, உரசிக்கொண்டு திரும்புகிறது. மென்பொருளில் அதற்கு நண்பன் வைத்த பெயர் 'மாமா'.

அன்று நான் போனபோது இயந்திரம் கடலின் அடிப்பகுதியை அடித்துக்கொண்டிருந்தது. கொட்டிலுக்குள் நீலப் புகார். மாமன் வெளியே, பூவரசின் கீழே சாய்மனைக் கதிரையில், கிடுகு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை கையை உயர்த்தினார், நண்பன் நிறுத்தினான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கிண்ணத்தில் நிறம் குறைந்திருந்தது.

அம்பாளின் முகத்தையும் நாகத்தையும் கருடனையும் இயந்திரத்துக்குக் கொடுக்கவில்லை. நான்கு நிறப் புள்ளிகளால் அம்பாளின் முகத்தை ஒருமுறை அடித்துப் பார்த்தார்களாம், சாம்பல் பூத்த மாதிரி வந்ததாம். அந்தத் துணியை மாமன் யாருக்கும் காட்டவில்லை. புகார் அடங்கும்வரை காத்திருந்து, யன்னலைத் திறந்துவிட்டு, முகத்தில் முறையான வடிகட்டி மூடியோடு உள்ளே போனார். தூரிகையால் நாகத்தின் படத்தை வெண்கோட்டில் எழுதத் தொடங்கினார். இரண்டு கல்லையும் நண்பன் கணினியில் அருகருகே வைத்திருந்தான். "வள்ளத்திலை போகேக்கை நீ ஒருநாளும் பாக்கேல்லையே" என்று கேட்டு, கருடன் கல்லைக் கையாலே அழித்துத் தள்ளி வரைந்தார். இருமல் வரவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பது நிமிடம்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியது. படலை வரை வந்தவர், திரும்பிப் போய்த் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்தார். ஹோர்லிக்ஸ் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு விரல் தண்ணீர். சித்திரையில் நாலு விரல் இருந்தது.

"நாளைக்கும் அடிக்கலாம்" என்றார்.