கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள்

வியன்னாவுக்குப் போகிறவர்கள் அரண்மனை, மொஸார்ட் படம் போட்ட சாக்லெட், ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் உட்காரவிடும் காபி ஹவுஸ் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கார்ல்ஸ்பிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் ஐந்து நிமிஷம் நடந்தால், சீஸ், மசாலா வாசனைக்கு எதிர் வரிசையில் 'தியேட்டர் அன் டெர் வீன்' நிற்கிறது. வீன் ஆற்றங்கரைத் தியேட்டர் என்று அர்த்தம். ஆறு எங்கே என்று தேடாதீர்கள். மூடி, மேலே சந்தை போட்டுவிட்டார்கள்.

1801ல் திறந்த கட்டடம். பீத்தோவன் எழுதிய ஒரே ஆபரா 1805ல் இங்கேதான் அரங்கேறியது. அதைக் கைடு புஸ்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது 1842 மார்ச் 10ம் தேதி. அன்றைக்கு இந்த மேடையில் ஒரு மளிகைக்கடை சிப்பந்தி லீவு லெட்டர் கொடுக்காமல் ஊர் சுற்றக் கிளம்பினான். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

நாடகத்தின் பெயர் 'ஐனென் யுக்ஸ் வில் எர் ஸிஹ் மாஹென்'. (ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தொண்டைக்கு நல்லது.) 'ஜாலியாகக் கூத்தடிக்கப் போகிறான்' என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் யோஹான் நெஸ்ட்ராய்.

சின்ன ஊர் வியாபாரி ட்ஸாங்லர். பெண் விஷயமாகப் பட்டணம் போகிறார். போகுமுன், தலைமைச் சிப்பந்தி வைன்பெர்லைப் பார்ட்னர் ஆக்குவதாகச் சொல்கிறார். நாமாக இருந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுப்போம். வைன்பெர்லுக்கோ துக்கம். தராசு, கல்லா, கணக்கு என்றே வயசு போய்விட்டது. நாளைக்குக் கிழவனாகி நாலு பேரோடு பழங்கதை பேச உட்கார்ந்தால் எடுத்துவிட ஒன்றுமே ஸ்டாக் இல்லையே! ஒரே ஒரு நாளாவது போக்கிரியாக இருந்து பார்க்க வேண்டும். எடுபிடிப் பையன் கிறிஸ்டோபர்லைக் கூட்டிக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு வியன்னாவுக்குப் போகிறான். அங்கே யார் எதிரே வருகிறார்? முதலாளியேதான். அப்புறம் ஃபேஷன் கடையில் ஒளிவது, முன்பின் தெரியாத விதவைக்குப் புருஷன் என்று புளுகுவது, கையில் காசில்லாமல் ஓட்டலில் மாட்டுவது என்று ஓட்டமோ ஓட்டம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு வைன்பெர்ல் மேல் தனிப் பிரியம். அவன் உலகத்தையே கடைக் கண்ணால்தான் பார்க்கிறான். காதல், விதி எல்லாமே அவனுக்குச் சரக்கும் கணக்கும்தான். அந்த வேஷத்தில் நடித்தவரும் நெஸ்ட்ராய்தான். ஒல்லி, உயரம். வேலைக்காரன் மெல்கியோராக வந்த வென்ஸல் ஷோல்ட்ஸ் குண்டு, குள்ளம். பாதிச் சிரிப்பு வாயைத் திறக்குமுன்பே வந்திருக்கும். அப்போது மெட்டர்னிக் ஆட்சி. ஒவ்வொரு வசனமும் சென்ஸார் பார்த்த பிறகே மேடைக்கு வரும். எழுத முடியாததை நெஸ்ட்ராய் புருவத்தால் சொல்வார். மேடையிலேயே ஒரு விமர்சகரைக் கிண்டலடித்து 1836ல் 5 நாள் கம்பி எண்ணியவர்.

கதை அவருடைய சொந்தச் சரக்கில்லை. 1830களில் லண்டனில் ஜான் ஆக்ஸன்ஃபோர்ட் எழுதிய குட்டி நாடகம்தான் மூலம். அதில் எலும்புக்கூடு இருந்தது. சதையும் வியன்னா நாக்கும் இவர் கொடுத்தது. மொழிபெயர்ப்பவர்களைத் திணற வைப்பதும் அந்த நாக்குதான். ஒரே வாக்கியம் பண்டிதர் பாஷையில் ஆரம்பித்துத் தெருப்பேச்சில் முடியும். பெர்லின்காரரே பாதியில் முழிப்பார்.

ஆகவே அமெரிக்கர் தார்ன்டன் வைல்டர் நேரடி மொழிபெயர்ப்பு வேலையே வைத்துக்கொள்ளவில்லை. கடையை நியூயார்க் பக்கத்து யாங்கர்ஸுக்கு மாற்றினார். மோலியேரிடம் கொஞ்சம் கடன் வாங்கி, டாலி என்ற கல்யாணத் தரகர் அம்மாளைச் சேர்த்தார். 1938ல் 'தி மெர்ச்சன்ட் ஆஃப் யாங்கர்ஸ்'. டைரக்டர், ஹிட்லருக்குத் தப்பி வந்த மாக்ஸ் ரைன்ஹார்ட். 39 காட்சிகளோடு படுத்துவிட்டது. லேசாகத் தட்டிக்கொட்டி 'தி மேட்ச்மேக்கர்' என்று 1954ல் எடின்பரோவில் போட்டார்கள். பிறகு பிராட்வேயில் 486 காட்சிகள்! அது 1964ல் பாட்டும் கூத்துமாக 'ஹலோ டாலி' ஆனபோது 2844. அதன் பாட்டைப் பாடி லூயி ஆம்ஸ்ட்ராங் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கினார்.

எனக்குச் சின்ன வருத்தம். எல்லா வெளிச்சமும் டாலி மேல். 1842ல் ஹீரோவாக இருந்த சிப்பந்தி இப்போது ஸைடு டிராக். பார்ட்னர் ஆக்குகிறேன் என்று கூப்பிட்டு டிமோஷன் கொடுத்த மாதிரி. 1968ல் மரிகா ரோக் டாலியாக நடிக்க, 'ஹலோ டாலி' வியன்னாவில் ஜெர்மன் மொழியில் நடந்தது. எந்தத் தியேட்டரில்? அதே தியேட்டர் அன் டெர் வீனில்! 126 வருஷம் கழித்துப் பையன் வீடு திரும்பினான், பெயர் மாறி, அமெரிக்க மெட்டோடு.

அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தவர் டாம் ஸ்டாப்பர்ட். ஜெர்மன் தெரியாது. வரிக்கு வரி பெயர்த்துக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு 1981ல் லண்டன் நேஷனல் தியேட்டருக்காக 'ஆன் தி ராஸில்' எழுதினார். வியன்னாப் பேச்சை நகலெடுக்க முயலவே இல்லை. தன் சிலேடைகளை வாரி இறைத்தார். டாலி கிடையாது, வைன்பெர்ல் மறுபடி நடுமேடையில். சின்ன வயசில் டார்ஜிலிங்கில் படித்தவர் ஸ்டாப்பர்ட். கிறிஸ்டோபர்லாகப் பையன் வேஷம் போட்ட ஃபெலிசிட்டி கெண்டலோ, அப்பாவின் ஷேக்ஸ்பியர் டிரூப்போடு இந்தியா முழுக்கச் சுற்றி வளர்ந்தவர்.

இன்னும் நேரமிருந்தால் யு1 ரயில் பிடித்து நெஸ்ட்ராய்பிளாட்ஸில் இறங்குங்கள். கடைசிக் காலத்தில் அவர் நிர்வகித்த கார்ல் தியேட்டர் அங்கேதான் இருந்தது. 1944ல் குண்டு விழுந்தது, 1951ல் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய ஆபீஸ் கட்டடம். உள்ளே எத்தனை வைன்பெர்ல்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ!