பிள்ளையின் தலைக்கா, பார்ப்பவர் கண்ணுக்கா?



வீட்டில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் முதலில் வந்து சேர்வது தொப்பிதான். என் மகனின் பிள்ளைக்கு ஏழு நாட்களுக்குள் ஒன்பது தொப்பிகள் வந்தன. எல்லாமே உறவுக்காரப் பெண்கள் தம் கையால் தைத்தவை, பின்னியவை. அல்ஹம்துலில்லாஹ், அத்தனை அன்பு!

ஏழாம் நாள் அகீகா. முடி இறக்கி, பெயர் வைத்து, முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்தோம். அதன் பிறகு மருமகளின் உம்மா தான் பின்னிய தொப்பியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார். ரோஜா நிற வூல், சுற்றிலும் முத்துமணி, தாடைக்குக் கீழே ரிபன். வந்தவர்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லுஹர் நேரத்தில் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. பால் கொடுத்தும் நிற்கவில்லை. தொப்பியைக் கழற்றினேன். மழித்த தலை முழுவதும் வியர்வை. நெற்றியில் மணிகள் அழுந்திய தடம். கழுத்தில் ரிபனின் சிவந்த கோடு. கழற்றிய சிறிது நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது.

அப்போது என் உம்மா நினைவுக்கு வந்தார்.

1990 ஒக்டோபர். சோனகத் தெருவில் இருந்தோம். மகன் பிறந்து இருபத்திரண்டு நாள். மின்சாரம் இல்லாத காலம். குப்பி விளக்கு வெளிச்சத்தில் உம்மா தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அவனுக்கு ஒரு தொப்பி தைத்தார். "புதுத் துணியில தைக்கலாமே உம்மா" என்றேன். "தொப்பிய உன்ட கன்னத்தில தேய்ச்சுப் பாரு. உனக்கு உறுத்தினா பிள்ளைக்குக் குத்தும்" என்றார்.

அந்த மாதம் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். நகையும் பணமும் வழியிலேயே போயின. உம்மா தைத்த தொப்பி பிள்ளையின் தலையில் இருந்ததால் அதை யாரும் கேட்கவில்லை. திறந்த லொறியில் ஈரக்காற்று வீசியபோது என் பிள்ளையின் தலையைக் காத்தது அந்தக் கிழிந்த சேலைத் துணிதான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் அதைத் தினமும் துவைத்துக் காயவைப்பேன். உம்மா அங்கேயே மௌத்தானார். போர் முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது அந்தத் தொப்பியும் என்னோடு திரும்பியது.

சகோதரிகளே, உம்மாவிடமும் பின்பு வைத்தியசாலைத் தாதிமாரிடமும் நான் கற்றதைச் சொல்கிறேன்.

பிறந்த பிள்ளைக்குத் தலை, உடலின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஈரத்தோடு பிறக்கும் பிள்ளை சூட்டை விரைவாக இழந்துவிடும். அதனால்தான் துடைத்து உலர்த்தியதும் தொப்பி போடுகிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்கும் மாதம் நிறையாத பிள்ளைக்கும் இது மிக அவசியம். ஆனால் வீட்டுக்கு வந்த பின், வெப்பமான அறையில் தூங்கும் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம். தலை வழியாகத்தான் பிள்ளை தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தொப்பி நழுவி மூக்கை மூடிவிடும் ஆபத்தும் உண்டு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

துணி பருத்தியாக இருக்கட்டும். பலமுறை துவைத்த பழைய சேலையும் சாரமும் புதுத் துணியைவிட மெதுவானவை. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 37 சென்ரிமீற்றர். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 40 ஆகிவிடும். ஆகவே தைக்கும்போதே மடிப்பில் கொஞ்சம் துணி விட்டுவைத்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம். போட்ட பின் ஒரு விரல் இலகுவாக உள்ளே போக வேண்டும்.

தொப்பியை உட்புறம் திருப்பிப் பாருங்கள். முடிச்சு, தொங்கும் நூல், தடித்த தையல் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மணி, பொத்தான், ஊக்கு வேண்டாம். கழன்றால் வாய்க்குள் போகும். கழுத்தில் கட்டும் நாடாவும் வேண்டாம். எதையும் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தாமல் போடாதீர்கள்.

சரி, அன்போடு கொண்டுவந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. அஸருக்குப் பின் மருமகளின் உம்மாவை அருகில் அழைத்து, பிள்ளையின் நெற்றியைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. அலுமாரியிலிருந்து என் உம்மாவின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கத்தரிக்கோல் இருக்கா?" என்று கேட்டார்.

இருவருமாக இருந்து மணிகளையும் ரிபனையும் பிரித்தோம். என் சேலை ஒன்றை வெட்டி உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்தோம். மார்கழிப் பனியில் பிள்ளையை வெளியே கொண்டுபோகும்போது போட அது இப்போது பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் தொப்பியை உங்கள் கையாலேயே தையுங்கள். பார்ப்பவர் கண்ணுக்காக அல்ல, பிள்ளையின் தலைக்காகத் தையுங்கள். தைத்ததும் உங்கள் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பிறக்கும் நம் பிள்ளைகள் பிறந்த மண்ணிலேயே நிம்மதியாக வளர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.